எட்டுப் பேரும் நல்லது என்றார்கள்

கருத்துக் கேட்கும் குழுக்களுக்கு ஆள் சேர்க்கும் வேலையில் தமிழ் பேசும் மூன்று பேர் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். மூன்று என்பது எனக்குப் பெரிய எண்ணிக்கை. என் காலத்தில் நான் ஒருவன்தான் இருந்தேன். படிவம் நிரப்புவதையும் தொலைபேசியில் பேச்சைத் தொடங்குவதையும் அலுவலகத்தில் காட்டித் தருவார்கள். அதை நான் திருப்பி எழுதப்போவதில்லை. நான் செய்த ஒரு பிழையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அதை நீங்களும் செய்துவிடுவீர்களோ என்று எனக்குப் பயம். நம்மவர்களுக்கென்றே அமைந்த பிழை அது. பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

பன்னிரண்டு ஆண்டுகளில் 388 குழுக்களுக்கு ஆள் சேர்த்தேன். அவற்றில் 41 குழுக்களைத் தமிழில் நானே நடத்தினேன். அதற்கு முன்பு ஆறு ஆண்டுகள் மேசைக்கு மற்றப் பக்கத்தில், காசு வாங்கிக்கொண்டு கருத்துச் சொல்பவனாக, 23 தடவை உட்கார்ந்திருக்கிறேன். அங்கிருந்துதான் தொடங்கவேண்டும்.

அப்போது எனக்கு மெல்பேர்னின் புறநகரான டண்டினொங்கில் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை. ஊரில் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், எழுதுவினைஞராக இருந்தவன், இங்கே ரப்பர் வளையங்களைப் பெட்டிக்கு இருநூறாக எண்ணிப் போட்டுக்கொண்டிருந்தேன். எண்ணுவதில் எனக்குக் குறையில்லை. ஓவர்டைம் நின்றுபோனதுதான் குறை. மேலதிகமாக ஏதாவது சம்பாதிக்க வழியுண்டா என்று விசாரித்தபோது, உடன் வேலை செய்த ஒருவர் ஃபோகஸ் குரூப் பற்றிச் சொன்னார். ஒரு கம்பனி தன் பொருளைச் சந்தைக்கு விடுவதற்கு முன் எட்டுப் பேரைக் கூட்டி வைத்துக் கேட்கும். ஒன்றரை மணி நேரம் பேசினால் ஓர் உறை கிடைக்கும். உள்ளே நாற்பது டொலர். நான் சவர அலகு பற்றிப் பேசினேன். பஸ் நேர அட்டவணை பற்றிப் பேசினேன். பூனை உணவுக்கும் கூப்பிட்டார்கள். வீட்டில் பூனை இல்லை என்று உண்மையைச் சொன்னதால் அந்த நாற்பது டொலர் போனது. அது போனது சரியா என்று இன்னமும் சில நாட்களில் யோசிப்பேன்.

முதன்முதலில் போனது மார்ஜரின் குழுவுக்கு. பாணில் பூசித் தந்தார்கள். நன்றாக இருக்கிறது என்றேன். இன்னொரு துண்டும் கேட்டு வாங்கினேன். முடிந்து லிஃப்டுக்காக நின்றபோது, குழுவை நடத்திய பெண்மணி பக்கத்தில் வந்து நின்றார்.

"இதை உங்கள் வீட்டுக்கு வாங்குவீர்களா?"

"இல்லை."

"ஏன்?"

"மெழுகு மாதிரி இருக்கிறது."

"அதைக் கேட்கத்தானே ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்."

நான் உள்ளதைச் சொன்னேன். சாண்ட்விச் தந்தீர்கள், தேநீர் தந்தீர்கள், கடைசியில் காசும் தருகிறீர்கள்; இவ்வளவையும் வாங்கிக்கொண்டு எப்படி முகத்துக்கு நேரே குறை சொல்வது என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. கையில் இருந்த காகிதத்தின் பின்பக்கத்தில் நான் சொன்னதை எழுதிக்கொண்டார். சில ஆண்டுகள் கழித்து அவர் சொந்தமாகச் சிறிய நிறுவனம் தொடங்கியபோது என்னைத் தேடிப் பிடித்து ஆள் சேர்க்கும் வேலை தந்தார். மரியாதைக்காகப் பொய் சொல்பவர்களைப் பற்றித் தெரிந்த ஒருவர் வேண்டும் என்று காரணமும் சொன்னார்.

இவ்வளவும் தெரிந்திருந்தும்தான் நான் அந்தப் பிழையைச் செய்தேன்.

டண்டினொங்குக்குப் பக்கத்து நோபல் பார்க்கில் பலசரக்குக் கடை வைத்திருந்தவரை நாங்கள் நிசாம் நானா என்று கூப்பிடுவோம். கல்முனைப் பக்கத்து ஆள். அவர் மனைவி வீட்டில் பிழிகிற இடியப்பம் சனிக்கிழமைகளில் கடைக்கு வந்தால் இருபது நிமிடம்கூட நிற்காது. ஓர் இயந்திர வியாபாரி அவருக்கு ஆசை காட்டியிருந்தான். இயந்திரம் பிழியும், அவிக்கும், உறைய வைக்கும்; மெல்பேர்ன் முழுக்க விற்கலாம். அதற்கு டண்டினொங்கில் ஒரு கொட்டகையைக் குத்தகைக்கு எடுக்கவேண்டும். வங்கிக்கு வீட்டை ஈடு வைக்கவேண்டும். திங்கட்கிழமை கணவன் மனைவி இரண்டு பேரும் கையெழுத்து வைப்பதாக ஏற்பாடு.

"பொண்டாட்டி ஒத்துக்கிறா இல்ல ஐயா," என்றார் என்னிடம். "வீட்டு ஆள்கள் சொன்னா நம்பமாட்டாவாம். வெளி ஆள் எட்டுப் பேர் திண்டு பாத்து நல்லம் எண்டு சொன்னாத்தான் கையெழுத்து வெப்பாவாம். நீங்க அந்த வேலதானே செய்றீங்க."

அவருக்கு ஒரு குழுவுக்குத்தான் கட்டுப்படியாகும். மேலாளர், அதாவது அந்த மார்ஜரின் பெண்மணி, கட்டணத்தைக் குறைத்து, கையெழுத்துக்கு முந்திய சனிக்கிழமை பிற்பகல் அறையை ஒதுக்கித் தந்தார். ஆள் சேர்ப்பதும் நான், நடத்துவதும் நான். தமிழில் நான் தனியாக நடத்தப்போகும் முதல் குழு அது.

புதன்கிழமை மாலைக்குள் 34 பேரைக் கூப்பிட்டுவிட்டேன். மூன்று பேர்தான் சம்மதித்தார்கள். சனிக்கிழமை என்றால் தமிழ்ப் பள்ளிக்கூடம், கலியாண வீடு, கோயில், இல்லாவிட்டால் வேலை. ஐம்பது டொலர் என்றால் நம்பாதவர்களும் இருந்தார்கள். மருத்துவமனைச் சலவைப் பகுதியில் வேலை செய்யும் பத்மா என்ற பெண்ணுடன் பேசியதைச் சொல்கிறேன்.

"சும்மா சாப்பிட்டுட்டுக் கதைக்கிறதுக்கோ அண்ணை ஐம்பது டொலர்?"

"ஓம்."

"பிறகு வீட்டுக்கு ஏதும் விக்க வருவினமோ?"

"வரமாட்டினம் பிள்ளை."

"கார் பழகிறன். ஒரு பாடத்துக்குக் காசு காணும். ஆனா எனக்கு இங்கிலீசு..."

"தமிழிலதான்."

அவர் நான்காவது ஆள். இன்னும் நான்கு பேர் வேண்டும். இரவு கண்ணை மூடினால் உட்கார ஆளில்லாத காலிக் கதிரைகள்தான் தெரிந்தன. வியாழக்கிழமை காலை, முப்பத்தாறாவது ஆளும் தயங்கியபோது, என் வாயிலிருந்து இந்த வார்த்தைகள் வந்தன: "நம்மட ஆள் ஒருத்தர் தொடங்கிற தொழில். வந்து ஒரு கை குடுங்கோ."

உடனே சம்மதம். அடுத்தவருக்கும் அதையே சொன்னேன். முன்பு சம்மதித்த நான்கு பேரையும் திரும்பக் கூப்பிட்டு, நேரத்தை ஞாபகப்படுத்தும் சாட்டில் அவர்களுக்கும் சொல்லிவைத்தேன். மாலைக்குள் எட்டும் நிரம்பி, காத்திருப்போர் பட்டியலில் இரண்டு பேர். அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன். தூங்கியிருக்கக்கூடாது.

சனிக்கிழமை இரண்டு மணிக்கு, நகரத்தில் எங்கள் ஏழாம் மாடிக்கு எட்டுப் பேரும் வந்தார்கள். ஒருவர்கூடப் பிந்தவில்லை. ஐந்து பெண்களில் மூன்று பேர் பட்டுச் சீலை. ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்திருந்தார். மேலாளர் என் காதருகே வந்து, "இது கலியாணமா?" என்று கேட்டார். எனக்கு அப்போதே விளங்கியிருக்கவேண்டும்.

அறையின் ஒரு பக்கச் சுவரில் பெரிய கண்ணாடி. இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் நம் முகம் தெரியும். அந்தப் பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்த நிசாம் நானாவுக்கும் மேலாளருக்கும் நாங்கள் தெரிவோம். பின்னால் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லவேண்டும் என்பது விதி. சொன்னேன். தலைமை ஆசிரியர் உடனே எழுந்து கண்ணாடியைப் பார்த்துக் கைகூப்பினார்.

ஆளுக்கு ஐந்து இடியப்பம், நானா அந்த வியாபாரியின் இயந்திரத்தில் பிழிந்து உறைய வைத்துக் கொண்டுவந்தது. தேங்காய்ப்பால் சொதி ஊற்றினால் குறை மறைந்துவிடும் என்று சம்பல் மட்டும் கொஞ்சம் வைத்தோம். சுவை எப்படி என்று கேட்டேன்.

"அருமை," என்றார் தலைமை ஆசிரியர். "குறை சொல்ல ஒண்டுமில்லை. இந்த நாட்டில இருந்துகொண்டு இப்பிடி ஒரு முயற்சி எடுக்கிறதே பெரிய விசயம்."

அடுத்தவர், "மாஸ்டர் சொன்னதுதான்" என்றார். அதற்கடுத்தவரும் அதையே சொன்னார். பட்டுச் சீலைக்காரி ஒருவர் என்னைப் பார்க்காமல் கண்ணாடியைப் பார்த்து, "நல்லாயிருக்கு தம்பி, யோசிக்காமல் செய்யுங்கோ" என்றார். பத்மாவின் முறை வந்தது. அவர் எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, "நல்லது அண்ணை" என்றார். நிறம்? நல்லது. மணம்? நல்லது. விலை? அதுவும் நல்லது. ஒன்றரை மணி நேரத்துக்குப் போட்ட கேள்விகள் ஐம்பது நிமிடத்தில் தீர்ந்துபோயின. உறை எடுத்து வருகிறேன் என்று சொல்லி, அவர்களை வரவேற்பறையில் உட்கார வைத்தேன்.

தட்டுகளைக் கழுவக் குசினிக்கு எடுத்துப் போனேன். எடுத்த பொருளை எண்ணாமல் வைக்க எனக்குத் தெரியாது. வைத்தது நாற்பது. மிஞ்சியது இருபத்தொன்பது. அவற்றில் எட்டு, கை துடைக்கும் தாளால் அழகாக மூடப்பட்டிருந்தன. தலைமை ஆசிரியரின் தட்டில் நாலரை இருந்தது. அருமை என்றவர் தின்றது பாதி.

ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். பச்சை மா பல்லில் ஒட்டியது. முதலிலேயே நான் இதைச் செய்திருக்கவேண்டும்.

தாழ்வாரத்தில் நிசாம் நானா ஓடிவந்து என் இரண்டு கைகளையும் பிடித்தார். "எட்டுக்கு எட்டு ஐயா. பொண்டாட்டிக்கு இப்பவே போன் பண்ணப்போறன். திங்கக்கிழமை பேனைய அவட கையில குடுக்கிறதுதான் மிச்சம்."

என் சட்டைப் பையில் எட்டு உறைகள். உறையைக் கொடுத்தால் அவர்கள் போய்விடுவார்கள். போனால் அந்தக் குழு முடிந்தது. நானாவிடம் சொல்ல என் நாக்கைத் தவிர எதுவும் இருக்காது. ஆள் சேர்ப்பவன் தன் சொந்த அபிப்பிராயத்தை வாடிக்கையாளரிடம் சொல்லக்கூடாது என்பதும் விதி. மேலாளரிடம் தட்டுகளைக் காட்டினேன். தொலைபேசியில் நான் சொன்ன வார்த்தைகளையும் ஒப்புக்கொண்டேன். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"அறை நான்கு மணிவரை இருக்கிறது. குழு உன்னுடையது" என்றார். அவ்வளவுதான்.

நானாவிடம் போய், "போனை வையுங்கோ நானா. இன்னும் முடியேல்லை. அரை மணித்தியாலம் தாருங்கோ" என்றேன்.

வரவேற்பறையில் முதலில் எட்டு உறைகளையும் எட்டுக் கைகளில் கொடுத்தேன். பிறகு கதவை அடைத்தேன்.

"காசு உங்கட கைக்கு வந்திட்டுது. இனி ஆரும் திருப்பிக் கேக்கமாட்டினம். விரும்பினால் இப்பவே போகலாம். நான் ஒரு பிழை விட்டிட்டன். கை குடுக்கச் சொல்லிக் கூப்பிட்டனான். அப்பிடிக் கூப்பிட்டிருக்கக்கூடாது. நீங்கள் நல்லதெண்டு சொன்னதை நம்பி ஒருத்தர் பெரிய கையெழுத்து ஒண்டு வைக்கப்போறார்."

தலைமை ஆசிரியரின் முகம் சிவந்துவிட்டது.

"நாங்கள் அந்தாளுக்கு உதவி செய்யத்தானே வந்தனாங்கள்?"

"ஓம் மாஸ்டர். தட்டில நாலரை வைச்சிட்டு வந்திருக்கிறியள்."

அவர் சால்வையைச் சரிசெய்துகொண்டார். பத்மா தலையைக் குனிந்து சிரிப்பை அடக்குவது தெரிந்தது. முதலில் எழுந்து அறைக்குள் திரும்பிப் போனவர் தலைமை ஆசிரியர்தான். அதற்காக அவரை இன்றும் மதிக்கிறேன்.

எல்லோரும் உட்கார்ந்ததும் என்ன கேட்பதென்று தெரியவில்லை. திரும்பவும் "எப்படி இருக்கிறது" என்று கேட்டால் திரும்பவும் "நல்லது" என்றுதான் வரும். எழுதி வைத்திருந்த கேள்வித்தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

"உங்கட வீட்டுக்குச் சம்பந்தி பகுதி வருகினம். முதல் தடவையா வருகினம். இந்த இடியப்பத்தை வைப்பியளோ?"

"சம்பந்தம் முறிஞ்சுபோம் அண்ணை," என்றார் பத்மா.

சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது. அதற்குப் பிறகு நான் கேள்வி கேட்கவே தேவையிருக்கவில்லை.

"இழையே இது? சப்பாத்துக் கயிறு."

"பச்சை மா மணக்குது."

"வெளியில காய்ஞ்சு, உள்ளுக்கு ஈரமாக் கிடக்கு."

"என்ர மனிசன் வாய் திறந்து ஒண்டும் சொல்லாது. ஆனா இதைக் கண்டால் எழும்பிப் போயிடும்."

"மாவை வறுக்கேல்லை," என்றார் பத்மா. "வறுத்தாலும் காணாது. மெசினுக்கு வசதியாத் தண்ணியைக் கூட விட்டுக் குழைச்சிருக்கினம். சிவப்பரிசி மாவை ரெண்டு தரம் அரிச்சு, கொதி தண்ணியில இறுக்கிக் குழைச்சால் உறைய வைச்சாலும் உடையாது. நான் வீட்டில வைக்கிறனான். இரண்டு கிழமைக்குத் தாங்கும்."

தலைமை ஆசிரியர் தொண்டையைச் செருமினார். "நான் முன்னம் சொன்னதை வெட்டிப்போடுங்கோ. எழுதிக்கொள்ளுங்கோ. அரை இடியப்பம் சாப்பிட்டனான். அதுவும் சம்பலுக்காக."

அப்போது கதவு தட்டப்பட்டது. வெளியே நிசாம் நானா. முகம் வெளிறியிருந்தது. பின்னால் மேலாளர் அவர் தோளைத் தொட்டபடி நின்றார்.

"நான் உள்ள வாறன் ஐயா. ஆரு செஞ்சது எண்டு தெரிஞ்சா இப்பிடிப் பேசமாட்டாங்க. என்ட கடைக்கு வாற ஆள்கள்தானே இதில மூணு பேர்."

"அதுதான் நானா. நீங்கள் வந்து நிண்டால் எட்டுப் பேரும் திரும்ப நல்லதெண்டு சொல்லுவினம். அதோட நீங்கள் திங்கட்கிழமை கையெழுத்தும் வைப்பியள்."

அவர் என்னைத் தள்ளிவிட்டு உள்ளே போயிருக்கலாம். காசு கொடுத்தவர் அவர். பலமான உடம்பும்கூட. நான் கதவுப் பிடியை விடவில்லை. ஏழு எட்டு விநாடிகள் இருக்கும். எண்ணாத ஒரே நேரம் அதுதான். பிறகு திரும்பி, கண்ணாடிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். மிச்சம் முழுவதையும் கேட்டார் என்று மேலாளர் பின்னர் சொன்னார். தமிழ் தெரியாத அவர், நானா வெற்றிலைப் பாக்குச் சுற்றி வந்த தாளில் ஏதோ எழுதிக்கொண்டே இருந்ததை மட்டும் கண்டாராம்.

நான்கு மணிக்கு எல்லோரும் போனார்கள். வாழைப்பழத்தை வைத்துவிட்டுப் போனார்கள். நானா அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு லிஃப்டில் இறங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை நான் பட்ட பாட்டை எழுத வேண்டாம். ஒரு மனிதனின் ஆசையைக் கெடுத்துவிட்டேனா, ஒருவேளை இயந்திரத்தைச் சரிசெய்தால் நன்றாக வந்திருக்குமோ, என் மேலாளருக்குக் கெட்ட பெயர் வருமோ என்று அறைக்கும் குசினிக்குமாக நடந்துகொண்டிருந்தேன். திங்கட்கிழமை பதினொன்றரைக்குத் தொலைபேசி அடித்தது.

"கையெழுத்து வெக்கல ஐயா."

நான் கதிரையில் உட்கார்ந்தேன்.

"பொண்டாட்டிக்கு அந்தத் தாள வாசிச்சுக் காட்டினன். அவ சிரிச்ச சிரிப்பு. அவளுக்கும் அது பிடிக்கலியாம். ரெண்டு மாசமாச் சொல்லாம இரிந்திரிக்கா, என்ட மனசு நோகுமெண்டு." பிறகு கேட்டார்: "அந்த மா பத்திச் சொன்ன தங்கச்சி ஆரு? எங்க வேல செய்றா? நம்பரத் தாங்க."

இங்கே கவனமாக இருங்கள். குழுவில் இருந்தவரின் பெயரையோ எண்ணையோ யாருக்கும் கொடுக்கக்கூடாது. எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும், எவ்வளவு நல்ல நோக்கமாக இருந்தாலும் கூடாது. கொடுக்கமாட்டேன் என்றேன். கோபித்துக்கொண்டார். மூன்று நாளில் நான்கு தடவை கூப்பிட்டார். கடைசியில் மேலாளரிடம் அனுமதி கேட்டு, பத்மாவுக்கு நானே போன் எடுத்தேன். ஒருவர் உங்களோடு மாவு பற்றிப் பேச விரும்புகிறார், உங்களுக்குச் சம்மதமென்றால் மட்டும் அவருடைய எண்ணைத் தருகிறேன், வேண்டாமென்றால் இத்தோடு முடிந்தது என்றேன்.

"இதுக்கும் ஐம்பது டொலரோ அண்ணை?"

"இது வேறை. வேலையா இருக்கலாம்."

"எத்தினை மணிக்குத் தொடக்கம்?"

"அதெல்லாம் அவரோட கதையுங்கோ பிள்ளை."

"சரி, நம்பரைத் தாங்கோ. ஆனா ஒண்டு சொல்லிவிடுங்கோ. மிஞ்சின அந்த மாவை முதலில எறியச் சொல்லுங்கோ. அது கிடக்கிற குசினிக்கு நான் வரமாட்டன்."

சொல்லிவிட்டேன். அதற்குமேல் நடந்ததில் எனக்குப் பங்கில்லை. பெரிய இயந்திரத்துக்குப் பதில் சிறிய பிழியும் இயந்திரம் ஒன்றை வாங்கி, கடைக்குப் பின்னாலேயே வைத்தார்கள். பத்மா கிழமைக்கு மூன்று நாள் அங்கே, இரண்டு நாள் சலவைப் பகுதியில். மெல்பேர்ன் முழுக்க விற்கவில்லை. ஐந்து கடைகளுக்குப் போனது, பிறகு ஒன்பது. நானா எங்கள் நிறுவனத்துக்கு இன்னும் இரண்டு தடவை வந்தார். இரண்டு தடவையும் உறையை வாசலிலேயே கொடுத்தோம். தொலைபேசியில் நான் சொன்னது ஒரே வசனம்: பிழை பிடிக்கத்தான் கூப்பிடுகிறோம், அதற்குத்தான் காசு.

ஆள் கிடைக்காத வியாழக்கிழமைகள் உங்களுக்கும் வரும். வாயில் என்னென்னவோ வரும். யாருடைய கடை, யாருடைய கஷ்டம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். காலிக் கதிரை ஒன்றோடு குழுவை நடத்தலாம். நான் ஆறு தடவை நடத்தியிருக்கிறேன்.

இப்போதும் டண்டினொங்குக்குப் பஸ்ஸில் போகும் வழியில், வங்கிக்கு ஈடு போகாமல் தப்பிய நானாவின் வீட்டைக் கடந்து போவேன். கூரையோரத்து மழைநீர்ப் பீலியில் இலை அடைத்திருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பேன். போன கிழமையும் அடைத்திருந்தது. கூப்பிட்டுச் சொன்னேன். "என்ட வீட்டுப் பீலி ஐயா, நான் பாத்துக்கிறன்," என்றார்.